ஆண்டு இறுதிப் பரிசுகள் உள்நாட்டுப் பொருள்களாகவே இருக்கலாமா? ஒரு தமிழ் வகுப்பின் தீர்மானம் குறித்த விவாதம்

ரோஸ் ஹில் தமிழாசிரியை (டிசம்பர் 1, இரவு 8.10)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் கோயிலை ஒட்டி நடக்கும் மாலை வகுப்பில் நான் தமிழ் கற்பிக்கிறேன். எங்களிடம் இருபத்திரண்டு குழந்தைகள் படிக்கிறார்கள். ஆண்டு இறுதியில் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து, ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். சென்ற ஆண்டு வந்த பரிசுகளில் மூன்றைத் தவிர மற்றவை அனைத்தும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள்கள். தைப்பூசக் காவடிக்கு முன்பே அவற்றில் பல உடைந்து போயின என்று குழந்தைகளே வந்து சொன்னார்கள். ஒரு சிறுமி தன் பரிசின் உடைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் சரிசெய்பவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டாள். அப்படி ஒருவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு பரிசின் விலை முந்நூறு ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அது மொரீசியஸிலோ நம் நாட்டின் மற்றொரு தீவான ரொட்ரீக்ஸிலோ செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தேன். பெற்றோரில் பாதிப் பேர் மகிழ்ந்தார்கள். மறுபாதியினர், இந்தச் சிறிய தீவில் குழந்தைக்குக் கொடுக்கும்படி என்ன செய்கிறார்கள், செய்தாலும் அந்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்பதைச் சொல்லுங்கள். இப்படி ஒரு நிபந்தனை விதிப்பதே சரிதானா என்பதையும் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

மாஹேபூர்வாசி (டிசம்பர் 1, இரவு 9.35)

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கு மாவில் பிஸ்கட் செய்யும் ரோ குடும்பத்தின் தொழிற்கூடம் 1870ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. கிழங்கைத் தோலுரித்துத் துருவிப் பிழிந்து உலர்த்தி மாவாக்குகிறார்கள். சூடான இரும்புத் தகட்டில் அச்சு வைத்துச் சுடுகிறார்கள். தகட்டுக்கு அடியில் எரிவது உலர்ந்த கரும்புத் தோகை. நம் வீட்டுத் தோசைக்கல்லையும் விறகடுப்பையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடத்துக்குள் நுழைந்தவுடனே எல்லாம் பழகிய காட்சியாகத் தோன்றும். கிழங்கு இந்த மண்ணில் விளைந்தது, எரிபொருள் இந்த மண்ணின் கரும்பு, சுடுகிற கைகளும் இங்குள்ளவை. இதைவிட முழுமையான உள்நாட்டுப் பொருள் ஒன்றை நான் அறியேன்.

குழந்தைகளை ஒரு காலை நேரத்தில் அங்கே அழைத்துச் சென்று காட்டிவிட்டு, அதே பிஸ்கட்டைப் பரிசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தேங்காய்ச் சுவையுள்ளது எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. வாய்ப்பிருந்தால் திங்கட்கிழமை வாருங்கள். அன்றுதான் மாஹேபூரின் வாரச்சந்தை.

கியூர்ப்பிப் கணக்கர் (டிசம்பர் 2, காலை 7.20)

அம்மா, உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு ஐயங்களைப் பதிவு செய்யாமல் இருக்க என் தொழில் என்னை விடவில்லை.

முதலாவது, உள்நாட்டுப் பொருள் என்று எதைச் சொல்வது என்பது. பிஸ்கட்டை விடுங்கள், அது தெளிவு. ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பருத்தி விளைவதில்லை. நூலோ துணியோ வெளியிலிருந்து வருகிறது, பொத்தானும் அப்படியே. வெட்டுவதும் தைப்பதும் இங்கே நடக்கின்றன. அந்தத் தையலையும் இன்று பல தொழிற்சாலைகளில் வங்காளதேசத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்கள்தாம் செய்கிறார்கள். சட்டையின் கழுத்தில் மொரீசியஸ் என்று எழுதியிருக்கும். உங்கள் நிபந்தனைப்படி அது தேறுமா, தேறாதா?

இரண்டாவது இன்னும் பெரியது. நாம் பன்னிரண்டரை இலட்சம் பேர் வாழும் தீவு. நமக்கு நாமே விற்றுக்கொண்டு நாம் முன்னேறவில்லை. 1970ஆம் ஆண்டு ஏற்றுமதி வலயச் சட்டம் வந்த பிறகு ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் சட்டையும் பின்னலாடையும் தைத்து விற்றுத்தான் கரும்பை மட்டும் நம்பியிருந்த நிலையிலிருந்து மீண்டோம். பாரிஸில் ஒரு தாய், தன் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பொருளைத்தான் வாங்குவேன் என்று அன்று உறுதி பூண்டிருந்தால் நம் வீட்டுப் பெண்களுக்கு வேலை எங்கிருந்து வந்திருக்கும்? நமக்கு வாழ்வளித்த அதே கதவை நம் பிள்ளைகளுக்கு நாமே சாத்தக் கற்றுத் தருவது முறைதானா என்று சிந்திக்க வேண்டும்.

போ பாசென் மகள் (டிசம்பர் 2, இரவு 10.05)

கணக்கர் ஐயா சொன்ன அந்தப் பெண்களில் என் தாயும் ஒருவர் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா பதினேழு வயதில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அதற்கு முன் எங்கள் குடும்பத்துப் பெண்கள் கரும்புத் தோட்டத்தைத் தவிர வேறு கூலி வேலையை அறிந்ததில்லை. விடியுமுன் வண்டி வரும். இருட்டிய பின் திரும்புவார். அந்தச் சம்பளத்தில்தான் தாத்தாவின் தகரக்கூரை வீடு சிமெண்டுத் தளம் கண்டது, நான் பள்ளிக்கூடத்தை முடித்தேன். ஆகவே ஏற்றுமதி எங்களை வாழவைத்தது என்று ஐயா சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். நாடுகளுக்கு இவ்வளவு என்று ஆடை இறக்குமதிக்கு அளவு வகுத்திருந்த பன்னாட்டு உடன்பாடு 2005ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிந்தது. அந்த உடன்பாடு இருந்தவரை நமக்கென்று ஒரு பங்கு இருந்தது; அது போனவுடன், நம்மைவிடக் குறைந்த கூலிக்குத் தைக்கும் பெரிய நாடுகளை நோக்கி வாங்குபவர்கள் நகர்ந்தார்கள். தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்தவர்களில் மிகுதியானோர் பெண்கள். அம்மா பணியாற்றிய இடம் எந்த முன்னறிவிப்பும் இன்றி ஒரு வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தியது. நாற்பது வயதைக் கடந்திருந்த அவருக்குக் காலர் வைப்பது ஒன்றைத் தவிர வேறு எதுவும் சான்றிதழோடு தெரியாது. ஐரோப்பாவில் அவர் தைத்ததை உடுத்தியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அவருக்கும் அவர்களைத் தெரியாது. எனவே அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்காகக் கவலைப்பட அங்கே எவரும் இல்லை.

அதன் பிறகு அவரைக் காப்பாற்றியது தெருவில் உள்ளவர்கள். முதலில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாவாடை தைக்கக் கொடுத்தார். பிறகு தீபாவளிக்கு இரவிக்கைகள் வந்தன, பள்ளிச் சீருடைகள் வந்தன. இன்றும் வீட்டுத் தாழ்வாரத்தில் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பை சற்றுக் கோணலாகப் போனால் மறுநாள் கொண்டுவந்து கொடுத்துச் சரிசெய்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆசிரியை அம்மாவின் மாணவி சக்கரத்தைச் சரிசெய்பவர் யார் என்று கேட்டாள் அல்லவா, அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் தாழ்வாரம்தான் நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டிசம்பரில் கைக்கு வரும் கூடுதல் சம்பளத்தில் ஒரு பகுதியாவது நமக்கு முகம் தெரிந்த ஒருவரின் உழைப்புக்குப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். குழந்தைகளின் புத்தகத்துக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் பொருந்தும் துணிப்பையை அம்மா உங்கள் முந்நூறு ரூபாய்க்குள் தைத்துத் தருவார். துணி வெளிநாட்டுத் துணிதான். அதை மறைக்கவில்லை.

கியூர்ப்பிப் கணக்கர் (டிசம்பர் 3, காலை 6.55)

தங்கையே, உங்கள் தாயாரின் வரலாற்றை இருமுறை படித்தேன். 2005ஐ நான் ஏட்டில் எண்ணாக மட்டுமே பார்த்தவன். நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் முரணானவை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஏற்றுமதிக்குத் தைப்பவளுக்கும் உள்ளூரில் ஒரு சந்தை இருந்தால், வெளியில் காற்று திசை மாறும்போது அவள் முழுமையாகச் சாய்ந்துவிட மாட்டாள். என் இரண்டாவது ஐயத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். முதல் ஐயம் அப்படியே நிற்கிறது.

குட்லாண்ட்ஸ் தச்சர் (டிசம்பர் 3, மாலை 5.40)

வணக்கம். இருபத்தாறு ஆண்டுகளாக மரக்கப்பல் மாதிரிகள் செய்யும் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன், இப்போது வீட்டில் செய்கிறேன். எங்கள் வட்டாரத்தில் 1982ஆம் ஆண்டு தொடங்கிய ஹிஸ்டோரிக் மரீன் கூடத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். கியூர்ப்பிப்பிலும் இந்தத் தொழில் வேரூன்றியது.

கணக்கர் ஐயாவின் கேள்விக்கு என் தொழிலிலிருந்து பதில் சொல்கிறேன். கப்பலுக்கு நாங்கள் பயன்படுத்தும் மரத்தில் தேக்கு முதலிய பல வகைகள் உண்டு. எல்லாம் இந்தத் தீவில் வளர்ந்தவை அல்ல. கப்பலின் வரைபடம் ஐரோப்பிய அருங்காட்சியகத்திலிருந்து வருகிறது. ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்து விலாக்களை அறுத்து நிறுத்தி, மேலே மெல்லிய பலகையை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி, பாய்மரம் நட்டு, நூற்றுக்கணக்கான முடிச்சுகளைப் போட்டுக் கயிறு கட்டி முடிப்பதற்குப் பெரிய கப்பல் என்றால் பல நூறு மணி நேரம் ஆகிறது. கயிறு கட்டுவதிலும் பாய் தைப்பதிலும் பெண்களின் விரல்களுக்கு நிகர் இல்லை. பாய்த்துணிக்குப் பழமையின் நிறம் வர வேண்டும் என்பதற்காகத் தேநீரில் நனைத்து உலர்த்துவார்கள். எங்கள் கடற்கரைக்கு எதிரே 1744ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மாதிரியை முடித்துப் பாய் ஏற்றும்போதெல்லாம், அந்தக் கப்பல் சுமந்து வந்தது இந்தத் தீவின் சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்கள் என்பதை உடன் வேலை செய்யும் இளையவர்களுக்குச் சொல்வேன். மரம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து இந்தப் பொருளை வெளிநாட்டுப் பொருள் என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு பொருளின் மதிப்பில் பெரும்பங்கு எங்கே, யாருடைய கையால் சேர்ந்தது என்பதுதான் என் அளவுகோல். தையலுக்கும் அதுவே. வங்காளதேசத்துப் பெண் இங்கே வாழ்ந்து இங்கே தைத்தால் அது இங்கே செய்ததுதான். நம் முன்னோரும் இங்கே ஒப்பந்தத்தில்தான் வந்தார்கள். அவர்கள் வெட்டிய கரும்பை மொரீசியஸ் சர்க்கரை என்றுதானே உலகம் அழைத்தது?

இனி எச்சரிக்கை ஒன்று. கடலோரச் சுற்றுலாக் கடைகளில், இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவை பொறித்த பொம்மையும் சாவிக்கொத்தும் சட்டையும் குவிந்திருக்கும். டோடோ நம்முடையது, பொம்மை நம்முடையது என்று நினைத்து ஏமாற வேண்டாம். சென்ற ஆண்டு என் தங்கை மகன் எனக்கு வாங்கி வந்த டோடோவின் அடியில் மொரீசியஸ் என்று ஒட்டியிருந்த தாளை உரித்துப் பார்த்தால், கீழே வேறொரு நாட்டின் பெயர் அச்சாகியிருந்தது. கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஒரு கடையின் குறையும் அல்ல இது. வாங்கும்போது, இதைச் செய்தவர் யார், எந்த ஊரில் செய்தார் என்று கேளுங்கள். உண்மையாகவே இங்கே செய்த பொருள் என்றால் விற்பவர் உடனே ஊரைச் சொல்வார், பெரும்பாலும் ஆளையும் சொல்வார். தடுமாறினால் பொருளை வைத்துவிட்டு வாருங்கள்.

முந்நூறு ரூபாய்க்குப் பெரிய கப்பல் கிடைக்காது என்பது உண்மை. துண்டு மரங்களில் கைப்பிடி அளவுப் படகுகளைச் செய்து தர முடியும். வண்ணம் பூசாமல் கொடுத்தால் குழந்தைகள் தாங்களே பூசிக்கொள்ளலாம். ஆசிரியை அம்மா எண்ணிக்கையைச் சொன்னால் போதும்.

மூன்று பிள்ளைகளின் தாய் (டிசம்பர் 3, இரவு 9.15)

அம்மா, நான் உங்கள் வகுப்புப் பெற்றோரில் ஒருத்தி. உங்களிடம் நேரில் சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன். என் மூன்று பிள்ளைகளும் உங்களிடம் படிக்கிறார்கள். முந்நூறு என்பது எங்களுக்குத் தொள்ளாயிரம். கூடுதல் சம்பளத்தில் முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலை நாள்களுக்கு முன்பு வரவேண்டும் என்பது சட்டம். மீதி ஆண்டு இறுதியில் வரும். உங்கள் வகுப்பு விழா அதற்கெல்லாம் முன்பே வந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பொம்மை எழுபது ரூபாய்க்குக் கிடைப்பதால்தான் சென்ற ஆண்டு அதை வாங்கினேன். உடைந்துபோகும் என்று எனக்கும் தெரியும். உள்நாட்டுப் பொருள் வாங்காதவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை (டிசம்பர் 3, இரவு 9.50)

தாயே, இதை நான் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்; எண்ணாமல் விட்டது என் பிழை. மன்னிக்க வேண்டுகிறேன். முந்நூறு என்பது உச்சவரம்பு மட்டுமே. அடிவரம்பு கிடையாது. வீட்டில் செய்ததை உள்நாட்டில் செய்ததாகவே ஏற்றுக்கொள்வோம். தீபாவளிக்கு நீங்கள் செய்து அனுப்பிய சர்க்கரைவள்ளிக் கிழங்குக் காத்தோப் பலகாரத்தை வகுப்பில் இன்னும் மறக்கவில்லை. விழாவையும் 22ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கிறேன்.

போர்ட் மாத்துரின் தம்பி (டிசம்பர் 4, காலை 10.30)

ரொட்ரீக்ஸையும் சேர்த்துச் சொன்ன ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. பலர் எங்களை மறந்துவிடுகிறார்கள். பணியின் பொருட்டு ஒன்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். இரண்டு தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடல். இங்கே தொழிற்சாலை என்று சொல்லத்தக்கவை அரிது. வீட்டுக்கு வீடு கைத்தொழில் உண்டு. சனிக்கிழமைச் சந்தையில் தேன், எலுமிச்சை ஊறுகாய், மிளகாய், சிவப்புக் காராமணி போன்ற பெரிய பயறு, தாழை ஓலையில் முடைந்த தொப்பி, கூடை எல்லாம் வரும். மாற்றுத்திறனாளிகள் பணியாற்றும் ஒரு பட்டறையில் தேங்காய்ச் சிரட்டையை அறுத்துத் தேய்த்து மெருகேற்றித் தோடும் வளையலும் பொத்தானும் செய்கிறார்கள். சிரட்டையை அகப்பைக்கு மட்டுமே பயன்படுத்தியவர் வழிவந்த நமக்கு அந்த மெருகைப் பார்க்க வியப்பாக இருக்கும்.

தாழைக் கூடையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கிரியோல் மொழியில் வாக்குவா என்று நாம் அழைப்பது, மடலுக்காகத் தமிழகத்தில் கொண்டாடும் தாழையின் உறவினம். வாக்குவா நகரத்தின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் மொரீசியஸ் சர்க்கரை கப்பலேறியது இந்த ஓலைச் சாக்குகளில்தான். முள்ளைச் சீவி, ஓலையைக் கீறி, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, பிறகுதான் முடைய வேண்டும். சணல் சாக்கும் பிளாஸ்டிக் பையும் வந்த பிறகு முடைபவர்கள் குறைந்தார்கள். 2016ஆம் ஆண்டு சனவரி முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை வந்தபோது எங்கள் தெருவில் முடையும் பாட்டி ஒருவர், இனி என் பேத்தி இதைக் கற்றுக்கொள்வாள் என்று மகிழ்ந்தார். பேத்தி கற்றுக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஏற்ற சிறிய கூடைகளை அவள்தான் இப்போது செய்கிறாள். கப்பலில் வர நாளாகும்; வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ரவான். ஆட்டுத்தோலை மரவளையத்தில் இழுத்துக் கட்டிச் செய்யும் இந்த முழவைச் செகா இசைக்கு அடிக்குமுன் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள், நம் பறையைச் சூடேற்றுவது போலவே. மொரீசியஸின் மரபுச் செகாவை 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பெரிய ரவான் விலை கூடுதல். சிறுவர்களுக்கான சிறிய அளவும் செய்கிறார்கள்.

மோக்காவில் குடியேறியவர் (டிசம்பர் 4, இரவு 8.00)

தமிழகத்திலிருந்து வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தயக்கத்தை முன்வைக்கிறேன். பண்டிகைக்கு உறவினருக்குப் புடவை எடுத்துக் கொடுப்பதும், புதுமனைக்குக் குத்துவிளக்கு கொடுப்பதும் நம் வழக்கம். காஞ்சிபுரம் பட்டையும் நாச்சியார்கோயில் விளக்கையும் இங்கே செய்ய முடியாது. உள்நாட்டுப் பொருள் என்னும் எண்ணம் வளர்ந்தால் அவற்றைக் கொடுப்பது குறையாகப் பார்க்கப்படுமா? அந்த நெசவாளரும் வார்ப்புத் தொழிலாளரும் நம்மவர்தானே.

போ பாசென் மகள் (டிசம்பர் 4, இரவு 8.45)

அண்ணா, அப்படி எவரும் நினைக்கப் போவதில்லை. விளக்கையும் பட்டையும் கையால் செய்கிறவர் அங்கே இருக்கிறார். அவருக்குப் போக வேண்டியது போகட்டும். இங்கே செய்ய முடிந்த ஒன்றை, செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் சும்மா இருக்கும்போது, வெளியிலிருந்து தருவிப்பதுதான் என் வருத்தம். புடவையை அங்கிருந்து வாங்குங்கள். இரவிக்கைத் துணியையும் தையற்கூலியையும் ஓர் உறையில் இட்டு, இங்குள்ள ஒரு தையற்காரரின் பெயரையும் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். என் அத்தை இப்படித்தான் கொடுப்பார். பெறுகிறவருக்கு அளவெடுத்துத் தைத்த இரவிக்கை கிடைக்கும், புடவை பெட்டிக்குள்ளேயே கிடக்காது.

கியூர்ப்பிப் கணக்கர் (டிசம்பர் 5, காலை 7.05)

தச்சர் ஐயாவின் அளவுகோலை ஏற்கிறேன். பெரும்பங்கு மதிப்பு எங்கே சேர்ந்தது என்று பார்ப்பது ஒழுங்கான கணக்கு. கடைப் பொருள்களுக்கு, 2013ஆம் ஆண்டு மொரீசியஸ் உற்பத்தியாளர் சங்கம் தொடங்கிய மேட் இன் மொரிஸ் முத்திரை உதவும்; தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்களே அதைப் பொறிக்கலாம். வீட்டில் செய்பவர்களிடம் அந்த முத்திரை இருக்காது. அங்கே தச்சர் ஐயா சொன்னபடி ஊரைக் கேட்பதே வழி. இங்கே பொட்டலம் கட்டப்பட்டது என்பதும் இங்கே செய்யப்பட்டது என்பதும் ஒன்றல்ல. எழுத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

நேற்று மாலை என் பங்குக்கு ஃபீனிக்ஸில் உள்ள கண்ணாடிக் கூடத்துக்குச் சென்று வந்தேன். எறிந்த புட்டிகளைச் சேகரித்து உருக்கி, 1991ஆம் ஆண்டிலிருந்து அங்கே வாயால் ஊதிப் பொருள் செய்கிறார்கள். உலைக்கு முன் நின்று, குழாயின் நுனியில் ஒரு மீன் உருவாவதைப் பார்த்தேன். பெரியவர்களுக்குத் தரத்தக்க பொருள்கள் அங்கே பல உண்டு. சிறு குழந்தைகளுக்குக் கண்ணாடி வேண்டாம். பெரியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1892ஆம் ஆண்டிலிருந்து தேயிலை விளையும் புவா ஷெரியின் வெனிலாத் தேநீர். சுற்றுலாப் பயணிகள் அள்ளிக்கொண்டு போவதை நம்மில் பலர் ஒருவருக்கொருவர் கொடுப்பதே இல்லை.

பொங்கலுக்குப் பரிசு யோசிப்பவர்கள், நம் ஆலைகளில் வடிக்கும் கரிய சர்க்கரையை ஓலைப்பெட்டியில் இட்டுக் கொடுக்கலாம். அதில் செய்த சர்க்கரைப் பொங்கல், தருவித்த வெல்லத்தில் செய்ததற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று என்பது என் மனைவியின் தீர்ப்பு. இந்த விஷயத்தில் அவருடைய தீர்ப்பே இறுதியானது.

வாக்குவா பார்வையாளர் (டிசம்பர் 5, இரவு 9.30)

இவ்வளவு நீண்ட உரையாடல் தேவையா? இருபத்திரண்டு குழந்தைகள் எதை வாங்கினாலும் நாட்டின் பொருளாதாரம் மாறப்போவதில்லை.

ரோஸ் ஹில் தமிழாசிரியை (டிசம்பர் 5, இரவு 10.10)

ஐயா, பொருளாதாரம் மாறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1998ஆம் ஆண்டு வந்த புதிய பணத்தாள்களில் தமிழ் வரியின் இடம் மாறியபோது, அச்சிட்ட ஒரு வரிதானே என்று நாம் விட்டுவிடவில்லை. நம் எதிர்ப்பை ஏற்று அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். பணத்தாளில் நம் எழுத்து எங்கே நிற்கிறது என்று அவ்வளவு அக்கறை கொண்ட நாம், அதே தாளைக் கடையில் நீட்டும்போது அது யார் கைக்குப் போகிறது என்றும் ஒரு முறை பார்க்கலாம் என்பதே என் விருப்பம். குழந்தைகள் அந்தப் பழக்கத்தைக் கற்றால் போதும்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை (டிசம்பர் 23, காலை 11.20)

நேற்று விழா நடந்தது. நடந்ததைக் கேட்டுப் பலர் தனிமடல் அனுப்பியதால் இங்கேயே எழுதுகிறேன்.

போ பாசென் அம்மா ஏழு துணிப்பைகள் தைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பெறும் குழந்தையின் பெயரின் முதல் தமிழ் எழுத்தை நூலால் இட்டிருந்தார். ழகரத்தில் பெயர் தொடங்காதா என்று ஒரு பையன் கேட்டதால் அரை மணி நேரம் இலக்கண வகுப்பாகவே போய்விட்டது. தச்சர் ஐயாவின் ஆறு படகுகள் வந்தன. ரொட்ரீக்ஸிலிருந்து நான்கு சிறு கூடைகள் கப்பலில் ஒரு நாள் தாமதித்து, விழாவன்று காலையில்தான் கைக்கு வந்தன. மரவள்ளிப் பிஸ்கட் இரண்டு பேருக்குக் கிடைத்தது; அவர்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பிள்ளைகளின் தாய் தன் கொல்லையில் வலை போட்டுக் காத்த லிச்சிப் பழங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, சிவப்பு நாடா சுற்றி அனுப்பியிருந்தார். அன்று மற்ற குழந்தைகள் பொறாமைப்பட்ட பரிசு அதுதான்.

இரண்டு குழந்தைகள் வெளிநாட்டுப் பொம்மையே கொண்டுவந்தார்கள். அவர்களை எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, பரிசு பெற்றவர்களும் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள்.

குறையும் ஒன்று உண்டு. படகுகளில் ஒன்றின் பாய்மரம் அன்று மாலையே ஒடிந்தது. இரவே தச்சர் ஐயாவுக்குச் செய்தி அனுப்பினேன். வியாழக்கிழமை ஒரு வேலையாக ரோஸ் ஹில் வருகிறாராம். பையனை மரத்துண்டோடு கோயில் வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறார். தானே ஒட்டக் கற்றுக்கொடுப்பாராம்.

அடுத்த தீபாவளிக்கு இங்குள்ள களிமண்ணில் அகல் செய்பவர்கள் எவரையாவது அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். வகுப்பு வாசலுக்கு நூறு அகல் வேண்டும்.